ஒரு புள்ளியின் விலை: பெங்களூரில் தரவு வகைகளின் வரலாறு

ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை என்பது தொடக்கப் பள்ளி மாணவருக்கும் தெரியும். ஆனால் சி, ஜாவா போன்ற நிரல்மொழிகளில் 1/2 என்று எழுதிக் கணிப்பொறியிடம் கொடுத்தால், அது தரும் விடை 0. அதையே 1.0/2.0 என்று எழுதினால் விடை 0.5. கேட்ட கேள்வி ஒன்றுதான். இடையில் கூடியது ஒரு புள்ளியும் ஒரு சுழியமும்.

பெங்களூரில் ஆண்டுதோறும் கணிப்பொறியியல் வகுப்பில் சேரும் பல்லாயிரம் மாணவர்கள் முதல் வாரத்திலேயே இந்தப் புதிரைச் சந்திக்கிறார்கள். பாடநூலின் தொடக்கப் பக்கங்களில் ஒரு சிறு அட்டவணை இருக்கும். முழு எண், மிதவைப்புள்ளி எண், எழுத்து, எழுத்துச்சரம், மெய்/பொய் என்று அடிப்படைத் தரவு வகைகள் அதில் வரிசையாக நிற்கும். நிரலில் எழுதியபடியே மதிப்பாக நிற்கும் 3, 3.0, 'அ' போன்றவற்றுக்கு லிட்டரல் என்று பெயர். மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்த அட்டவணை இயற்கையாகவே அமைந்தது போலத் தோன்றும். உண்மையில் அதன் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு இயந்திரத்தின் வசதிக்காகவும் வறுமைக்காகவும் மனிதர்கள் எடுத்த முடிவு. மதிப்பு வந்து சேர்வதற்கு முன்பே வகை தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அதற்குள் அடங்காத எதுவும் வெட்டப்படும், அல்லது வெளியே நிறுத்தப்படும். இந்த வரலாற்றின் பல திருப்பங்கள் பெங்களூரில் நிகழ்ந்தவை, அல்லது பெங்களூர் வழியே சென்றவை.

மின்னழுத்தமே எண்ணாக இருந்த காலம்

1950களின் நடுப்பகுதியில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஒரு கணிப்பொறி இயங்கியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வருகைப் பேராசிரியராக வந்த வின்சென்ட் ரைடவுட் அங்கே அமைத்த இயந்திரம் அது. ஃபில்பிரிக்–ரைடவுட் மின்னணு வகைக்கெழுப் பகுப்பான் என்பது அதன் பெயர். இன்றைய பொருளில் அது கணிப்பொறி அன்று. அதில் நிரல் இல்லை, இலக்கங்கள் இல்லை, லிட்டரல்களும் இல்லை. அது ஒப்புமைக் கணிப்பொறி.

அந்த இயந்திரத்தில் எண் என்பது மின்னழுத்தம். ஒரு பாலத்தின் அதிர்வையோ விமான இறக்கையின் அசைவையோ ஆராய வேண்டுமானால், அந்த அளவு ஒரு கம்பியில் ஏறி இறங்கும் அழுத்தமாக மாற்றப்படும். இரண்டு அழுத்தங்களைச் சேர்த்தால் கூட்டல். மின்தேக்கியின் உதவியுடன் பெருக்கியைப் பொருத்தினால் தொகையீடு. இருந்த தரவு வகை ஒன்றே ஒன்று: தொடர்ச்சியாக மாறும் அளவு. முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் அங்கே வேறுபாடு இல்லை.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் பெருக்கி திணறிவிடும். மிகக் குறைந்த அழுத்தம் இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே கணக்கைத் தொடங்குமுன், அதில் வரும் ஒவ்வோர் அளவும் அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று பொறியாளர் முன்கூட்டியே மதிப்பிட்டு, அதற்கேற்பச் சுருக்கியோ பெருக்கியோ இயந்திரத்துக்குள் செலுத்த வேண்டும். தரவின் எல்லையை அறியும் பொறுப்பு முழுவதும் மனிதருடையது.

ஈரோட்டில் 1933இல் பிறந்த வைத்தீஸ்வரன் ராஜாராமன் என்ற இளைஞர் அப்போது அக்கழகத்தில் மின் தொடர்பியல் பயின்றுகொண்டிருந்தார். 1955இல் பட்டயம் பெற்ற அவர், தொடர்ந்து அங்கேயே ஆய்வு செய்து அந்த ஒப்புமைக் கணிப்பொறிக்கு நேரியல் அல்லாத உறுப்புகளை வடிவமைத்துக் கட்டினார். கூட்டலுக்கும் தொகையீட்டுக்கும் அடங்காத உறவுகளை இயந்திரத்துக்குக் கற்றுத்தரும் சுற்றுகள் அவை. பின்னாளில் இந்தியாவின் பல தலைமுறை மாணவர்களுக்கு முழு எண், மெய்யெண் வேறுபாட்டைக் கற்பித்த ஆசிரியர், அந்த வேறுபாடே இல்லாத ஓர் இயந்திரத்தில்தான் தம் பணியைத் தொடங்கினார்.

கான்பூரில் ஒரு புள்ளி

எம்.ஐ.டி.யிலும் விஸ்கான்சினிலும் உயர்கல்வி முடித்து இந்தியா திரும்பிய ராஜாராமன், கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானார். 1963இல் அங்கே ஐ.பி.எம். 1620 என்ற எண்ணியல் கணிப்பொறி வந்து இறங்கியது. அதன் சுற்றில் எண்களைக் கூட்டுவதற்கென்று தனி உறுப்பு கிடையாது. கூட்டல் வாய்பாட்டை நினைவகத்தில் எழுதி வைத்து, ஒவ்வோர் இலக்கமாக அதைப் பார்த்துப் பார்த்தே கூட்டியது. வாய்பாட்டு நினைவு கெட்டுப்போனால் இரண்டும் இரண்டும் எவ்வளவு என்பதே அதற்கு மறந்துவிடும்.

அதில் நிரல் எழுதக் கற்பிக்கப்பட்ட மொழி ஃபோர்ட்ரான். ஜான் பேக்கஸ் தலைமையிலான ஐ.பி.எம். குழு 1957இல் வெளியிட்ட மொழி அது. சூத்திரத்தைக் காகிதத்தில் எழுதுவது போலவே எழுதலாம் என்பது அதன் வாக்குறுதி. ஆனால் அந்த வாக்குறுதிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது: எழுதுபவர் ஒவ்வோர் எண்ணின் வகையையும் அறிந்திருக்க வேண்டும்.

ஃபோர்ட்ரானில் 3 என்பது முழு எண். 3. என்று பின்னால் ஒரு புள்ளி வைத்தால் அது மெய்யெண். இரண்டுக்கும் நினைவகத்தில் வேறு வேறு அமைப்பு. கூட்டல், வகுத்தலுக்கு வேறு வேறு வழிமுறை. 1620இல் இயங்கிய தொடக்கக் கால ஃபோர்ட்ரானில் முழு எண்ணுக்கு நான்கு இலக்கங்களே இடம். 9999க்கு மேல் எண்ண முடியாது. மெய்யெண்ணுக்கு எட்டு இலக்கத் துல்லியமும் தனியே ஓர் அடுக்கும் உண்டு. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையை முழு எண்ணாக எழுதலாம். கான்பூர் நகரின் மக்கள்தொகையை எழுத முடியாது.

முக்கோணத்தின் பரப்பளவுக்கு (1/2) × அடிப்பக்கம் × உயரம் என்று பள்ளியில் கற்றபடியே ஒருவர் நிரலில் எழுதினால், 1/2 என்பது இரண்டு முழு எண்களின் வகுத்தல். பின்னப் பகுதி வெட்டப்படும், விடை 0. உலகிலுள்ள எல்லா முக்கோணங்களின் பரப்பும் சுழியமாகிவிடும். நிரல் அட்டையில் துளையிட்டுக் கொடுக்கப்பட்ட அந்தக் காலத்தில், தவறைத் திருத்தி மீண்டும் முயல அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு புள்ளியின் விலை சில சமயம் ஒரு முழு நாள்.

இன்னொரு கண்ணியும் இருந்தது. மாறியின் வகையை வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், அதன் பெயரின் முதலெழுத்தைப் பார்த்து ஃபோர்ட்ரான் தானே முடிவு செய்துகொள்ளும். ஆங்கில எழுத்துகளில் ஐ முதல் என் வரை உள்ள ஆறில் ஒன்றில் தொடங்கினால் முழு எண்; மற்றவை மெய்யெண். கணிதத்தில் வரிசை எண்களுக்கு அந்த எழுத்துகளைப் பயன்படுத்தும் பழக்கத்திலிருந்து வந்த விதி இது. தமிழ் அறிந்த ஒருவர் மழையளவைக் கணக்கிட எண்ணி, மாறிக்கு ஆங்கில எழுத்துகளில் 'மழை' என்று பெயர் வைத்தால், அது எம் என்ற எழுத்தில் தொடங்கும். ஆகவே முழு எண். 12.7 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் 12 என்றுதான் பதிவாகும். 'வைகை' என்று பெயர் வைத்தால் அது மெய்யெண். 'காவேரி' முழு எண். ஆறுகளின் இயல்பை அவற்றின் பெயர்களே தீர்மானித்தன.

கான்பூரில் நடந்த குறுகிய கால நிரலாக்கப் பயிற்சிகளுக்கு நாடெங்கிலுமிருந்து கல்லூரி ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் வந்தார்கள். அந்த வகுப்பறைகளிலிருந்து வளர்ந்தவையே ராஜாராமனின் பாடநூல்கள். விலை குறைந்த பதிப்புகளாக வெளிவந்து, கணிப்பொறியைக் கண்ணால் பாராத ஊர்களுக்கும் அவை சென்றன. அவருடைய எண்சார் முறைகள் நூலில், ஆறு இலக்கங்கள் மட்டுமே கொள்ளும் ஒரு கற்பனைக் கணிப்பொறி வருகிறது. எண்ணுக்கு நான்கு இலக்கம், அடுக்குக்கு இரண்டு. அவ்வளவு வறுமையான இயந்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டால்தான் மிதவைப்புள்ளியின் குணம் மாணவருக்குக் கையில் சிக்கும்.

அத்தகைய இயந்திரத்தில் 1234 உடன் 0.4ஐக் கூட்டினால் 1234.4 வர வேண்டும். நான்கு இலக்கமே இருப்பதால் 1234 என்றே நிற்கும். இன்னும் இருமுறை 0.4ஐக் கூட்டினாலும் 1234தான். மாறாக, மூன்று 0.4களையும் முதலில் கூட்டி 1.2 ஆக்கி, பிறகு 1234 உடன் சேர்த்தால் 1235. கூட்டும் வரிசை மாறியதால் விடை மாறிவிட்டது. எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றே என்று பள்ளிக் கணிதம் தரும் உறுதி, மிதவைப்புள்ளி என்ற வகைக்குள் நுழையும்போது காலாவதியாகிவிடுகிறது.

துல்லியத்துக்கு ஒரு திருகு

1970களின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கணிப்பொறி மையத்தில் ஐ.பி.எம். 360/44 இயங்கியது. அறிவியல் கணக்குகளுக்கென்றே உருவாக்கப்பட்ட மாதிரி அது. அதன் முகப்பில் வியப்பூட்டும் ஒரு திருகு உண்டு. நீள மிதவைப்புள்ளி எண்களின் துல்லியம் 8, 10, 12, 14 ஆகிய பதினாறடிமான இலக்கங்களுள் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அந்தத் திருகைத் திருப்பியே அமைத்துக்கொள்ளலாம். குறைத்தால் வேகம் கூடும். கூட்டினால் வேகம் குறையும். துல்லியம் என்பது பேரம் பேசித் தீர்மானிக்கும் பொருள் என்பதை அந்த முகப்பைப் பார்த்த எவரும் உணர்ந்திருப்பார்கள்.

1982இல் ராஜாராமன் மீண்டும் பெங்களூருக்கே வந்து, மீக்கணிப்பொறிக் கல்வி ஆய்வு மையத்தை 1994 வரை வழிநடத்தினார். அந்தப் பத்தாண்டில் உலகெங்கும் ஒரு தொல்லை முற்றியிருந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரமும் மெய்யெண்ணைத் தன் விருப்பப்படி அமைத்தது. ஐ.பி.எம். 360இல் சொல்லின் நீளம் 32 பிட், டி.இ.சி.யின் பெரிய இயந்திரங்களில் 36 பிட். ஒரே நிரல், ஒரே லிட்டரல், ஆனால் இரண்டு இயந்திரங்களில் இரண்டு விடைகள். வில்லியம் காஹன் என்ற கணிதவியலாளரின் முன்முயற்சியால் 1985இல் ஐ.இ.இ.இ. 754 என்ற பொதுத் தரம் வந்தபிறகே மெய்யெண்ணுக்கு உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே முகம் கிடைத்தது.

அந்தப் பொது முகத்துக்கும் ஒரு மறு உண்டு. இன்று எந்தக் கணிப்பொறியிலும் 0.1 + 0.2 என்று கேட்டால், பெரும்பாலான மொழிகளில் விடை 0.30000000000000004. பத்தில் ஒன்று என்ற பின்னத்தை இரண்டடிமானத்தில் முடிவுறும் எண்ணாக எழுத முடியாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று நீண்டுகொண்டே போவது போல அதுவும் போகும். எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் நினைவகத்தில் வைக்க முடியும். பணத்தைக் கையாளும் நிரல்களில் ரூபாயை மிதவைப்புள்ளியாக வைக்காமல், பைசாக் கணக்கில் முழு எண்ணாகவோ தனியான தசம வகையாகவோ வைக்க வேண்டும் என்ற விதி இதனால் வந்ததே.

பழைய தமிழ்க் கணக்கு முறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளைக்கு இருபதில் ஒன்று மா. பத்தில் ஒன்று இருமா. ஐந்தில் ஒன்று நான்மா. இருமாவும் நான்மாவும் சேர்ந்தால் ஆறு மா, அதாவது பத்தில் மூன்று. மிச்சமும் இல்லை, வெட்டும் இல்லை. எண்பதில் ஒன்றாகிய காணிக்கும், முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரிக்கும் தனித்தனிக் குறியீடுகள் இருந்தன. பின்னத்தையே முழு மதிப்பாக எழுதும் லிட்டரல்கள் அவை. நிலத்தையும் நெல்லையும் பங்கிட்ட கணக்கர்களுக்கு எந்த அளவு வரை நுணுக்கம் தேவையோ, அந்த அளவு வரை குறியீடுகளை அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். அதுவும் தேவை கருதி எடுத்த முடிவே.

எழுத்து என்றால் எது?

எண்களுக்கே இவ்வளவு பாடு என்றால் எழுத்துகளின் நிலை இன்னும் மோசம். தொடக்கக் கால ஃபோர்ட்ரானில் எழுத்துக்கென்று வகையே கிடையாது. விடைக்கு மேலே ஒரு தலைப்பு அச்சிட வேண்டுமானால், அந்தத் தலைப்பில் எத்தனை எழுத்துகள் என்று நிரலாளர் தாமே எண்ணி, அந்த எண்ணையும் எச் என்ற எழுத்தையும் முன்னால் எழுதி, பிறகு சொல்லை எழுத வேண்டும். துளையட்டை முறையின் தந்தை ஹெர்மன் ஹொலரித்தின் பெயரால் அதற்கு ஹொலரித் மாறிலி என்று பெயர். எண்ணிக்கை ஒன்று பிசகினால் நிரலே பிசகும். மேற்கோள் குறிக்குள் சொல்லை எழுதும் எழுத்து வகை, ஃபோர்ட்ரான் 77 தரத்தில்தான் முறையாக இடம்பெற்றது.

அந்த எழுத்தும் ஆங்கில எழுத்தே. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கு சி மொழி வழியே உலகெங்கும் பரவியபோது, அதில் தமிழுக்கோ கன்னடத்துக்கோ இடமில்லை. இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி குறியீட்டை இந்தியத் தர நிறுவனம் 1991இல் தரமாக ஏற்றது. அதே ஆண்டில் யூனிகோடின் முதல் பதிப்பு வெளிவந்தது. இந்திய எழுத்துகளின் அடுக்குமுறையை யூனிகோடு இஸ்கியின் முந்தைய வடிவத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி இடங்களில் நிற்கும் அமைப்பு அது.

விளைவு எளிய சோதனையில் தெரியும். 'பெங்களூரு' என்ற சொல்லில் தமிழ் இலக்கணப்படி பெ, ங், க, ளூ, ரு என ஐந்து எழுத்துகள். யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் ஒன்பது. யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் இருபத்தேழு பைட்டுகள். சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்டால் ஒரு நிரல்மொழி ஒன்பது என்கிறது. இன்னொன்று இருபத்தேழு என்கிறது. ஐந்து என்று இயல்பாகச் சொல்வது மிகச் சிலவே. உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணிய தமிழ் மரபும், எழுத்து என்ற தரவு வகையும் வெவ்வேறு பொருளில் ஒரே சொல்லைப் பயன்படுத்துகின்றன. இதனாலேயே உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் டேஸ்-16 குறியீட்டையும் யூனிகோடுடன் சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010இல் தரமாக அறிவித்தது.

முந்திரியும் காணியும் கணிப்பொறிக்குள் வந்த கதையும் இதில் அடங்கும். 2019இல் வெளிவந்த யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழ் பின்னங்களும் பழைய அளவைக் குறியீடுகளுமாக 51 குறிகள் சேர்க்கப்பட்டன. ஆனால் அவற்றுக்குக் கிடைத்த இடம் 16 பிட் எல்லைக்கு அப்பால். ஜாவா 1990களில் எழுத்து வகைக்கு 16 பிட் போதும் என்று முடிவு செய்த மொழி. ஆகவே கணக்கர் ஒரே கீற்றில் எழுதிய முந்திரி, ஜாவாவின் கணக்கில் இரண்டு எழுத்துகள்.

எண்ணாகத் தோன்றும் எண்

2009இல் இந்திய தனித்துவ அடையாள ஆணையம் அமைக்கப்பட்டபோது, அதன் தொழில்நுட்ப மையம் பெங்களூரில் உருவானது. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களைப் பதிவு செய்யும் அமைப்புக்கு அங்கே தீர்மானிக்கப்பட வேண்டியிருந்தவற்றுள் பல, முதலாண்டு மாணவர் படிக்கும் அதே அட்டவணையைச் சார்ந்தவை: எண்ணுக்கு என்ன வகை, பெயருக்கு என்ன வகை, பிறந்த தேதிக்கு என்ன வகை?

ஆதார் எண்ணில் 12 இலக்கங்கள். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2,147,483,647. பத்து இலக்கங்களோடு முடிந்துவிடும். பழைய 36 பிட் இயந்திரத்திலும் பதினோரு இலக்கங்களே. ஆனால் அதைவிட முக்கியமான செய்தி, ஆதார் எண் கணக்குப் போடுவதற்கான எண் அன்று என்பது. இரண்டு ஆதார் எண்களைக் கூட்டுவதில் எந்தப் பொருளும் இல்லை. இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர் அது. அதன் இறுதி இலக்கம் மற்ற இலக்கங்களைச் சரிபார்ப்பதற்காகவே இருக்கிறது. டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹோஃப் 1969இல் வகுத்த முறைப்படி, ஓர் இலக்கம் தவறினாலோ அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலோ அது காட்டிக்கொடுத்துவிடும். முதல் இலக்கம் 0 ஆகவோ 1 ஆகவோ இராது. பிறந்த ஊர், பாலினம் முதலிய எதையும் அந்த எண்ணிலிருந்து அறிய முடியாது.

எண்ணாகத் தோன்றுவதை எண்ணாகவே கொள்வதால் வரும் இழப்பை அலுவலகங்களில் பணியாற்றும் பலர் அறிவார்கள். சுழியத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்ணை விரிதாளில் ஒட்டினால் முன்னிருக்கும் சுழியங்கள் மறைந்துவிடும். 16 இலக்க அட்டை எண்ணை இட்டால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். விரிதாள் 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியம் காப்பதில்லை. 1/2 சுழியமான அதே வகைத் தவறு இது.

பெயர் இன்னும் நுட்பமானது. கடவுச்சீட்டும் நிரந்தரக் கணக்கு எண் அட்டையும் பெயரைக் குடும்பப் பெயர், இட்ட பெயர் என்று பிரித்துக் கேட்கின்றன. முன்னெழுத்தை விரித்து எழுதச் சொல்கின்றன. தமிழருக்குக் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முன்னெழுத்தோடு வாழும் எஸ். முருகன் ஓர் ஆவணத்தில் முருகன் எஸ். இன்னொன்றில் முருகன் சுப்பையா. மற்றொன்றில் சுப்பையா முருகன். எழுத்துச்சரம் என்ற தரவு வகைக்கு இவை நான்கு வேறு மதிப்புகள். அதற்கு ஒருவரையும் தெரியாது, எழுத்துகளின் வரிசை மட்டுமே தெரியும். பொருந்தவில்லை என்ற ஒரு சொல்லால் ஓய்வூதியமும் உதவித்தொகையும் தடைபடும் துயரத்தின் வேர் இங்கே இருக்கிறது. ஆதார் பெயருக்கு ஒரே புலத்தை வைத்தது. முதற்பெயர், கடைசிப் பெயர் என்று பிரிக்கவில்லை. தென்னிந்தியப் பெயர்களுக்கு இடம் தந்த முடிவு அது. ஆனால் இந்த ஒரு புலத்தையும் மற்ற ஆவணங்களின் இரு புலங்களையும் ஒப்பிடும் இடத்தில் பழைய தொல்லை மீண்டும் தலைதூக்குகிறது.

மக்கள் விவரங்களுக்கான தரங்களை வகுக்க என். விட்டல் தலைமையில் அமைந்த குழு 2009 டிசம்பரில் அறிக்கை அளித்தது. இந்த அமைப்பில் பிறந்த தேதியோடு ஒரு சிறு குறியும் சேர்ந்தே வருகிறது: தேதி சான்றால் உறுதிப்பட்டதா, அவரே கூறியதா, தோராயமானதா? பிறப்புச் சான்றிதழ் இல்லாத கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டில், ஒரு மதிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதும் அந்த மதிப்போடு சேமிக்கப்படுகிறது. 1234.4ஐ 1234 ஆக்கிவிட்டு எதையும் சொல்லாத மிதவைப்புள்ளி எண்ணைவிட இந்தத் தேதி நேர்மையானது.

பாலினத்துக்கு வைத்த வகையும் கவனிக்கத்தக்கது. பழைய பதிவேடுகள் பலவும் இரண்டே மதிப்புகள் கொண்டவை. நிரல்மொழியில் மெய்/பொய் வகை போல. ஆதார் மூன்று மதிப்புகளை ஏற்றது: ஆண், பெண், திருநர். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் சட்டப்படி ஏற்ற தீர்ப்பு 2014 ஏப்ரலில் வந்தது. திருநங்கையருக்கான நலவாரியத்தைத் தமிழ்நாடு 2008இலேயே அமைத்திருந்தது. இடையில், ஒரு தரவு வகையில் சேர்ந்த மூன்றாவது மதிப்பு, பலர் பொய் சொல்லாமல் ஒரு படிவத்தை நிரப்புவதற்கு வழி செய்தது.

அட்டவணைக்குத் திரும்பினால்

1/2 = 0 என்ற முடிவும் நிலையானதன்று. பைத்தான் மொழியில் அது நெடுங்காலம் 0ஆகவே இருந்தது. அது புதியவர்களைத் தவறாக வழிநடத்துகிறது என்ற வாதம் 2001இல் முறையாக ஏற்கப்பட்டு, 2008இல் வெளிவந்த பைத்தான் 3இல் 1/2 என்பது 0.5 ஆனது. முழு எண் வகுத்தல் வேண்டுவோர் இரண்டு சாய்கோடுகள் இட வேண்டும். ஃபோர்ட்ரான் விதித்த பழக்கத்தை அரை நூற்றாண்டு கழித்து ஒரு மொழி மாற்றிக்கொண்டது. பெங்களூரில் இன்று பைத்தானில் தொடங்கும் மாணவருக்கு அந்தப் பழைய வலி தெரியாது. அவர் ஜாவா வகுப்புக்குப் போகும்போது முக்கோணத்தின் பரப்பு மறுபடியும் சுழியமாகும்.

1950களில் அந்த ஒப்புமைக் கணிப்பொறியின் முன் நின்றவர்கள், ஒவ்வோர் அளவும் எதுவரை போகும் என்று முதலில் தாங்களே மதிப்பிட்ட பிறகே இயந்திரத்தை இயக்கினார்கள். அந்த மதிப்பீட்டை இன்று மொழியும் வன்பொருளும் முன்கூட்டியே செய்து வைத்திருக்கின்றன. செய்தவர் பெயரும் காரணமும் பாடநூல் அட்டவணையில் இல்லை. ஒரு படிவத்துக்கு, ஒரு பதிவேட்டுக்கு, ஒரு வங்கிச் செயலிக்குப் புலங்களை வகுக்க உட்காரும் இளைஞர், முழு எண்ணா, சரமா, எத்தனை எழுத்து, எத்தனை மதிப்பு என்று நான்கைந்து நிமிடங்களில் தீர்மானித்துவிடுகிறார். அந்தத் தீர்மானத்துக்குள் நுழைய முடியாமல் வரிசையில் திருப்பி அனுப்பப்படுபவரை அவர் சந்திக்கப்போவதில்லை. முதல் வாரத்து அட்டவணையைக் கற்பிக்கும்போதே அந்த வரிசையையும் காட்டிவிடுவது, ஆசிரியர்கள் செய்யக்கூடிய சிறிய, பயனுள்ள வேலை.